மரநிழலும் மக்கள் திரளும்: ஓவியர் வில்லியம் பவல் ஃபிரித்தின் வாழ்வும் கலையும்

கடந்த காலத்தைப் பாடுவது எளிது. கண்முன் நிற்கும் காலத்தைப் பாடுவது அரிது. கடந்த காலத்து மாந்தர் எழுந்து வந்து, எங்கள் முகம் இப்படியா இருந்தது என்று கேட்கமாட்டார்கள். அவர்களுடைய பசியும் கடனும் கண்ணீரும் மறைந்துவிடும். ஆடலும் பாடலும் மட்டுமே எஞ்சி நிற்கும். நிகழ்காலமோ அழுக்கேறிய ஆடையுடன் நம் வாசலிலேயே நிற்கிறது. அதனைப் பாடுபொருளாக ஏற்கும் துணிவு எல்லாக் கலைஞர்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்க்கும் அது வாழ்நாள் முழுவதும் நிலைப்பதில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாலேயே எழுதிக் காட்டியவர், விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில ஓவியர் வில்லியம் பவல் ஃபிரித் ஆவார்.

1847ஆம் ஆண்டு இலண்டன் ராயல் அகாதமியின் கண்காட்சியில் ஃபிரித்தின் ஓவியம் ஒன்று இடம்பெற்றது. பருத்த மரமொன்றின் நிழலில் ஊரார் கூடியிருக்கின்றனர். இளைஞரும் இளம்பெண்களும் இணை இணையாக நின்று ஆடுகின்றனர். ஆட மறுக்கும் முதியவர் ஒருவரை இளையோர் வற்புறுத்தி அழைக்கின்றனர். நாடோடிக் குறத்தி ஒருத்தி பெண்ணொருத்திக்குக் குறி சொல்கிறாள். உழைத்துக் களைத்தவர்கள் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். பார்ப்பவர் நெஞ்சில் குளிர்ச்சி பரப்பும் காட்சிதான். ஆயின் ஓவியத்தின் பெயரிலேயே ஒரு முள் இருக்கிறது. அதற்கு ஃபிரித் இட்ட பெயர், 'நூறாண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலக் கொண்டாட்டம்' என்பதாகும். இந்த மகிழ்ச்சியைத் தம் காலத்தில் வைத்துக் காட்ட அவர்க்கு அன்று மனம் வரவில்லை.

அந்த நூறாண்டுத் தொலைவை அவர் எவ்வாறு கடந்தார், கடந்து சென்ற இடத்தில் எவ்வளவு காலம் நின்றார் என்பதே அவருடைய வரலாறு.

விடுதிக்காரர் மகன்

ஃபிரித் 1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்‌ஷயரில், ரிப்பன் நகரை அடுத்த ஆல்டுஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அருகிலிருந்த ஸ்டட்லி ராயல் என்ற பெருமாளிகையில் பணிபுரிந்தவர்கள். ஃபிரித்திற்கு ஏழு வயதாக இருந்தபோது, 1826இல், குடும்பம் ஹாரகேட் நகருக்குக் குடிபெயர்ந்தது. மருந்து நீரூற்றுகளால் புகழ்பெற்ற அந்நகரில் தந்தையார் 'டிராகன்' என்னும் விடுதியை நடத்தலானார்.

விடுதி என்பது மனிதர் வந்து தங்கிப் போகும் இடம். பிணி தீர நீராட வந்த செல்வரும், அவர்க்கு ஏவல் செய்யும் பணியாளரும், வண்டியோட்டிகளும், வணிகரும் ஒரே கூரையின்கீழ் நடமாடினர். ஒருவரை அவருடைய உடையாலும் நடையாலும் அளந்தறிவது விடுதிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இயல்பாகவே கைவரக்கூடிய கலை. பிற்காலத்தில் பல்வகை மாந்தரை ஒரே கித்தானில் கூட்டி, ஒவ்வொருவர்க்கும் தனிமுகம் தந்த ஆற்றலின் வேரை இந்த விடுதியில் காணலாம்.

தந்தையார் படங்களில் விருப்பமுள்ளவர். மகனை ஓவியனாக்க வேண்டுமென்று ஆசைப்பட்டவரும் அவரே. மகனுக்கோ ஏலம் விடுபவராக வேண்டும் என்பதுதான் ஆசை. கலைஞனாக வேண்டாம் என்று பெற்றோர் தடுக்க, பிள்ளை மீறிச் சென்றதாகவே பெரும்பாலான கலைஞர் வரலாறுகள் தொடங்கும். ஃபிரித்தின் வரலாறு தலைகீழாகத் தொடங்குகிறது. தந்தையார் மகனை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். மகனுடைய வரைபடங்கள் அறிந்தோர் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவர்கள் தகுதியுண்டு எனக் கூறவே, 1835இல் ஹென்றி சாஸ் என்பார் நடத்திய ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1837இல், ராயல் அகாதமியின் பள்ளியில் இடம் பெற்றார். அவ்வாண்டே தந்தையார் மறைந்தார். மகனை ஓவியனாகக் காண விரும்பியவர் அவனுடைய ஓர் ஓவியமும் அகாதமிச் சுவரில் தொங்கக் காணாமலே கண்மூடினார்.

பிழைப்புக்காக இளைஞர் ஃபிரித் லிங்கன்‌ஷயருக்குச் சென்று, அங்கிருந்த உழவர் குடும்பங்களின் உருவப்படங்களை எழுதினார். விலைபேசி முகம் எழுதுவது பெருமைக்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. எனினும் வெயிலில் கறுத்த, காற்றில் காய்ந்த நாட்டுப்புற முகங்களை மணிக்கணக்கில் எதிரே அமர்த்திப் பார்க்கும் பேறு அதனால் கிட்டியது. பயிற்சிப் பள்ளியில் கற்ற கிரேக்கச் சிலைகளின் முகத்தைவிட, இம்முகங்களே அவர்க்குப் பின்னாளில் பயன்பட்டன.

நண்பர் குழாம்

1830களின் இறுதியில், அகாதமிப் பள்ளி இளைஞர் சிலர் ஒரு வட்டமாகக் கூடினர். ரிச்சர்டு டாடு, அகஸ்டஸ் எக், ஹென்றி ஓ'நீல், ஜான் ஃபிலிப், எட்வர்டு மேத்யூ வார்டு முதலியோருடன் ஃபிரித்தும் அதில் இருந்தார். டாடுவின் அறையில் கூடி, ஒரு பொருளை அறிவித்து, அதனை ஒட்டி ஆளுக்கொரு கோட்டோவியம் வரைந்து, ஒருவர் படைப்பை மற்றவர் ஆய்ந்து தீர்ப்புரைப்பர். ஈற்றடி தந்து பா எழுதச் செய்யும் கவியரங்கை அறிந்தவர்க்கு இம்முறை புதிதன்று.

அக்குழுவினர், அகாதமியில் மதிக்கப்பெற்ற வரலாற்றுப் பேரோவியங்களைக் காட்டிலும் எளிய மக்கள் கண்டு மகிழும் வாழ்க்கைக் காட்சிகளையே விரும்பினர். தேவரும் வேந்தரும் பேருருவில் தோன்றும் ஓவியத்தை முதல் வரிசையிலும், உழவரும் சிறுவரும் தோன்றும் ஓவியத்தைக் கடை வரிசையிலும் வைத்துப் பழகிய காலம் அது. அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்ற வேட்கையே குழுவைப் பிணைத்தது.

அவர்களுள் மிகுந்த கற்பனை வளம் உடையவராகக் கருதப்பட்டவர் டாடு. 1842 முதல் கிழக்கு நாடுகளில் பயணம் செய்து திரும்பிய அவர் மனநோய்க்கு ஆளாகி, 1843இல் தம் தந்தையையே கொன்றார். எஞ்சிய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளை மருத்துவக் காவலிலேயே கழித்து, 1886இல் மறைந்தார். அங்கிருந்தவாறே அவர் எழுதிய நுண்ணோவியங்கள் இன்று பெரிதும் போற்றப்படுகின்றன. வட்டத்தில் முதலில் ஒளிர்ந்தவர் இருளில் மறைய, ஏலக்காரராக விரும்பிய ஃபிரித் புகழின் உச்சிக்கு ஏறினார். இளமைக் குழாங்களில் யார் யார் எங்கெங்குப் போய்ச் சேர்வர் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடிவதில்லை.

டிக்கன்சின் நட்பு

ஃபிரித் தொடக்கத்தில் நூல்களிலிருந்தே பொருள் எடுத்தார். 1840இல் அகாதமிக் கண்காட்சியில் இடம்பெற்ற அவருடைய முதல் ஓவியம் ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரமான மால்வோலியோவைக் காட்டியது. அடுத்து, சார்லஸ் டிக்கன்சின் புதினத்தில் வரும் டாலி வார்டன் என்ற குறும்புக்காரப் பெண்ணை எழுதினார். அதனைக் கேள்வியுற்ற டிக்கன்ஸ், 1842இல் தமக்கென டாலி வார்டனையும், தம் வேறொரு புதினத்தின் கேட் நிக்கல்பியையும் எழுதித் தருமாறு வேண்டினார். இரண்டுக்கும் சேர்த்து அவர் தந்த தொகை 40 பவுண்டு. 1870இல் டிக்கன்ஸ் மறைந்தபின் அவை ஏலத்துக்கு வந்தபோது ஆயிரம் கினிக்கும் மேலான விலைக்குப் போயின.

விலையைக் காட்டிலும் பெரிது டிக்கன்சின் நட்பு. இலண்டன் தெருக்களையும் சிறைகளையும் கடன்காரரையும் அனாதைச் சிறாரையும் அவர் புதினத்துள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நிகழ்காலத்து எளிய மாந்தர் பேரிலக்கியத்தின் பொருளாகலாம் என்பதற்கு அவர் எழுத்தே சான்றாக நின்றது. எனினும் எழுத்தாளர் செய்ததை ஓவியர் செய்யத் துணிவதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1859இல் ஃபிரித் எழுதிய டிக்கன்சின் உருவப்படம், அவ்வெழுத்தாளரின் நடுவயதுத் தோற்றத்தை இன்றளவும் நமக்குக் காட்டி நிற்கிறது.

மரத்தடிக் கொண்டாட்டம்

1845இல் ஃபிரித் எழுதிய 'சிற்றூர்க் குருக்கள்' என்ற ஓவியம், ஆலிவர் கோல்டுஸ்மித்தின் 'கைவிடப்பட்ட ஊர்' என்னும் பாடலைத் தழுவியது. இவ்வோவியம் தந்த பெயரால் அவ்வாண்டே அகாதமியின் துணை உறுப்பினராகத் தேர்வு பெற்றார். அப்போது அவர்க்கு வயது 26. இசபெல் பேக்கர் என்ற மங்கையை மணந்ததும் அவ்வாண்டில்தான்.

கோல்டுஸ்மித்தின் பாடல் 1770இல் வெளிவந்தது. செல்வர் நிலத்தை வளைத்துக் கொள்ள, ஊரார் வெளியேற, பாழ்பட்டுப் போன சிற்றூர் ஒன்றைப் பற்றிய இரங்கற்பா அது. அதில் வரும் நல்ல குருவை ஃபிரித் எடுத்துக்கொண்டார். ஊர் பாழ்பட்ட செய்தியை விட்டுவிட்டார். இரண்டாண்டு கழித்து எழுதிய மரத்தடிக் கொண்டாட்டத்துக்கு மில்ட்டனின் 'லாலெக்ரோ' என்னும் மகிழ்ச்சிப் பாடல் துணையாயிற்று. ஊர்மணி ஒலிக்க, இசைக்கருவி முழங்க, மர நிழலில் இளையோர் ஆடும் அப்பாடலின் பகுதியே ஓவியமாக விரிந்தது. மில்ட்டனின் பாட்டு பதினேழாம் நூற்றாண்டினது. ஓவியத்தின் உடைகளோ பதினெட்டாம் நூற்றாண்டின. எழுதப்பட்டதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில். மூன்று நூற்றாண்டுகள் ஒரு மரத்தின் நிழலில் கூடிய விந்தை அது.

அந்த 1840களில் உண்மையான ஆங்கிலச் சிற்றூர் எந்நிலையில் இருந்தது? ஊர்ப் பொதுநிலங்கள் அடைப்புச் சட்டங்களால் ஒன்றன்பின் ஒன்றாக வேலியிடப்பட்டு வந்தன. அவ்வேலைக்கு வழியை எளிதாக்கும் பொதுச்சட்டமும் 1845இல் நிறைவேறியது. ஏழையொருவன் மாடு மேய்க்கவும், சுள்ளி பொறுக்கவும், விழாநாளில் ஆடவும் உரிமை பெற்றிருந்த வெளி அவன் கையை விட்டுப் போயிற்று. 1834இன் வறியோர் சட்டம், உதவி கேட்டு வருவோரைப் பணிமனைச் சிறைகளுக்கு அனுப்பியது. தானியச் சட்டங்கள் அப்பத்தின் விலையை உயர்த்தி, 1846இல்தான் நீக்கம் பெற்றன. அயர்லாந்தில் பெரும்பஞ்சம் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. உழவர் பிள்ளைகள் ஆலை நகரங்களை நோக்கி நடந்தனர். 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, நாட்டுப்புற மக்களைக் காட்டிலும் நகர மக்கள் மிகுந்துவிட்டதை அறிவித்தது.

ஓவியத்தில் ஊரார் ஆடிய அந்த மரத்தடி, உண்மையில் வேலிக்கு உட்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவேதான் கண்காட்சிக்கு வந்த நகரத்தார்க்கு அது இனித்தது. தாம் விட்டு வந்த ஊர் அங்கே நலமாக இருக்கிறது என்று நம்ப எவர்க்குத்தான் ஆசையில்லை? ஃபிரித்தைப் பொய்யர் என்று இதற்காகப் பழிப்பது முறையன்று. நூறாண்டுகளுக்கு முன் என்று அவர் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். இன்றைய ஊர் இதுவன்று என்ற ஒப்புதல் அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

கடற்கரைக்கு வந்த ஓவியர்

1851ஆம் ஆண்டுக் கோடையில் ஃபிரித் குடும்பத்துடன் ராம்ஸ்கேட் கடற்கரைக்குச் சென்றார். 1846இல் இருப்புப்பாதை வந்துசேர்ந்தபின் அவ்வூர் இலண்டன் நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறைத் தலமாகியிருந்தது. மணற்பரப்பில் நாளிதழ் படிக்கும் தந்தையர், தைக்கும் தாயர், நீரில் கால்நனைக்கும் சிறுமியர், பண்டம் விற்போர், வேடிக்கை காட்டுவோர் எனத் திரண்டிருந்த கூட்டத்தைக் கண்டதும் அவர் மனம் திரும்பியது. மரத்தடிக் கொண்டாட்டம் எங்கும் மறைந்துவிடவில்லை. அது இடம் மாறியிருந்தது. வேலியிடப்படாத கடற்கரைக்கு இருப்புப்பாதை ஏறி வந்திருந்தது.

எனினும் இதனை ஓவியமாக்குவதில் பெருந்தடை ஒன்றிருந்தது. தற்கால உடை அழகற்றது என்பது அன்றைய ஓவியர் பலரின் உறுதியான கருத்து. உயர்ந்த கறுப்புத் தொப்பியும் குழாய்க் காற்சட்டையும் கலைக்குப் பொருந்தா எனப்பட்டன. உடன்பணியாளர் பலர் இம்முயற்சியைத் தடுத்துரைத்தனர். பாமரத்தனமானது என்று இகழ்ந்தோரும் உண்டு. ஃபிரித் பின்வாங்கவில்லை. இடையில் 1853இல் அகாதமியின் முழு உறுப்பினரானார். ஏறத்தாழ மூன்றாண்டு உழைப்பின் பின், 1854இல், 'ராம்ஸ்கேட் மணல்' கண்காட்சிக்கு வந்தது.

மக்கள் திரண்டு வந்து, தம்மைத் தாமே அதில் கண்டனர். விக்டோரியா அரசியாரும் கண்டு விரும்பினார். படவணிகர் ஒருவர் ஆயிரம் கினிக்கு அதனை முன்பே வாங்கிவிட்டிருந்தார். செதுக்கு அச்சுப்படம் எடுக்கும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அதே விலைக்கு அரசியார்க்கு விட்டுக்கொடுத்தார். பாமரத்தனம் என்று இகழப்பட்ட காட்சி அரண்மனைச் சுவர் ஏறிற்று. நூறாண்டுகளுக்கு முன் என்ற சொற்கள் இனி ஃபிரித்திற்குத் தேவைப்படவில்லை.

பந்தயத் திடல்

1856இல் எப்சம் திடலில் நடந்த டெர்பி குதிரைப் பந்தயத்துக்குச் சென்ற ஃபிரித், குதிரைகளைவிடக் கூட்டத்தையே பார்த்தார். ஜேக்கப் பெல் என்ற மருந்து வணிகர் 1500 பவுண்டுக்குப் பேரோவியம் ஒன்று எழுதப் பணித்தார். அச்சுப்பட உரிமைக்கு காம்பார்ட் என்ற வணிகர் மேலும் 1500 பவுண்டு தந்தார். ராபர்ட் ஹௌலெட் என்ற புகைப்படக் கலைஞர் வண்டியொன்றின் மேலிருந்து கூட்டத்தைப் படமெடுத்து உதவினார். ஓவியக்கூடத்தில் ஆளுக்கொருவராக மாதிரிகளை நிறுத்தி, பதினைந்து மாதங்களில் ஃபிரித் அதனை முடித்தார்.

'டெர்பி நாள்' ஓவியத்தின் இடக்கோடியில் சிறுகிண்ணங்களின்கீழ் மணியை மறைத்து ஏமாற்றும் சூதாட்டம் நடக்கிறது. பணத்தைப் பறிகொடுத்த நகரத்து இளைஞன் ஒருவன் வெறும்பைகளில் கைவிட்டுத் திகைத்து நிற்கிறான். நாட்டுப்புற இளைஞன் ஒருவனும் அங்கே இருக்கிறான். நீண்ட உழவர் அங்கி அணிந்த அவன் ஆட்டத்தில் இறங்கக் கை பரபரக்க, உடன்வந்த பெண் அவனைப் பற்றித் தடுக்கிறாள். நடுவில், கழைக்கூத்தாடிச் சிறுவன் ஒருவன் தன் தந்தை கைநீட்டி அழைப்பதையும் மறந்து, பணியாள் ஒருவன் விரிக்கும் விருந்துப் பண்டங்களைப் பசியுடன் நோக்குகிறான். வலப்புறத்து வண்டியில், அவளை ஆடம்பரப் பொருளாகவே வைத்திருக்கும் ஆடவனின் அருகே, சோர்ந்த முகத்துடன் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். குறிசொல்லும் நாடோடிப் பெண்ணும் இருக்கிறாள்.

பதினோராண்டுகளுக்கு முன் மரத்தடியில் கண்ட அதே மாந்தர் இவர்கள். அங்கே குறத்தி இனிய எதிர்காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். இங்கே அந்த எதிர்காலம் வந்து சேர்ந்துவிட்டது. அங்கே ஊர் ஒரே குடும்பமாக நின்றது. இங்கே பசித்தவனும் உண்பவனும் கைதொடும் தொலைவில் நின்றும் ஒருவரையொருவர் அறியார். கொண்டாட்டம் கொண்டாட்டமாகவே இருக்கிறது. அதன் உள்ளே இருப்பவற்றை மறைக்காமல் எழுதும் கை மட்டும் வந்துவிட்டது. ஃபிரித் யாரையும் கண்டிக்கவில்லை. சிறுவனின் கண்கள் எங்கே நோக்குகின்றன என்பதை மட்டும் எழுதினார். அதுவே போதுமாயிருந்தது.

1858இல் அகாதமியில் இவ்வோவியத்தைக் காணக் கூட்டம் நெருக்கவே, அதன் முன்னே தடுப்புக் கம்பி அமைக்க நேர்ந்தது. 1822இல் டேவிட் வில்க்கியின் ஓவியத்துக்குப் பிறகு அத்தகைய சிறப்பு வேறெந்த ஓவியத்துக்கும் வாய்த்ததில்லை. பெல் மறைந்தபோது அதனை நாட்டுக்கே உரிமையாக்கிச் சென்றார். கடல்கடந்து ஆஸ்திரேலியா வரை அது காட்சிக்குப் போய்வந்தது.

புகைவண்டி நிலையமும் எழுதப்படாத தெருக்களும்

1862இல் 'புகைவண்டி நிலையம்' வந்தது. இலண்டன் பாடிங்டன் நிலையத்தின் இரும்பு வளைவுகளின்கீழ், பள்ளிக்கு மகனை அனுப்பும் தாய், புதுமணத் தம்பதியர், கைதாகும் குற்றவாளி, அவனைப் பிடிக்கும் காவல் துப்பறிவாளர் எனப் பெருங்கூட்டம் விரிந்தது. மகனை முத்தமிட்டு அனுப்பும் குடும்பம் ஃபிரித்தின் சொந்தக் குடும்பமே. வணிகர் ஃபிளாட்டோ 4500 பவுண்டு தந்தார். அகாதமியில் வைக்காமல் தாமே காட்சிக்கு வைக்கும் உரிமைக்காக மேலும் 750 பவுண்டு தந்தார். ஏழு வாரங்களில் 21,150 பேர் கட்டணம் செலுத்தி வந்து கண்டனர். மரத்தடி, மணற்பரப்பு, பந்தயத்திடல், புகைவண்டி நிலையம் எனக் கூட்டத்தின் இடம் மாறிக்கொண்டே வந்து, ஒரு நாட்டின் மாற்றம் முழுவதையும் சொல்லிவிட்டது.

அடுத்து அவர் எழுதவேண்டியிருந்தது இலண்டன் தெருக்களை. காலை, நண்பகல், இரவு என மூன்று ஓவியங்களுக்கு காம்பார்ட் 10,000 பவுண்டு தர ஒப்பினார். முன்மாதிரிகளும் ஆயத்தமாயின. விடியலில் அங்காடித் தெருவில் ஒதுங்கிக் கிடக்கும் ஏழையரும், நள்ளிரவில் நாடகக் கொட்டகை வாயிலில் நின்று செல்வப் பெண்டிரை நோக்கும் வாழ்விழந்த பெண்ணும் அவற்றில் இருந்தனர். அந்நேரத்தில் அரண்மனையிலிருந்து கட்டளை வந்தது: வேல்ஸ் இளவரசரின் திருமணத்தை எழுத வேண்டும். ஊதியம் 3000 பவுண்டே. எனினும் அரசியாரின் விருப்பத்தை மறுக்க இயலவில்லை. தெருக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டன. இளவரசர்களும் பெருமாட்டிகளும் உருவங்கொடுக்க வருவதும் வராமற்போவதுமாக அவரை அலைக்கழிக்க, 1865இல் திருமண ஓவியம் முடிந்தது. தெருக்கள் மீண்டும் எழுதப்படவே இல்லை.

ஃபிரித்தின் வாழ்வில் வழி பிரிந்த இடம் இதுவே எனலாம். பந்தயத் திடலின் பசித்த சிறுவனிடமிருந்து அவர் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் எங்குச் சென்றிருப்பார் என்பதை அம்முன்மாதிரிகள் மட்டுமே சொல்கின்றன. பட்டும் பொன்னிழையும் நிறைந்த திருமண ஓவியம் அரசமாளிகைக்கு உரியதாயிற்று. மக்கள் நெஞ்சில் அதற்கு இடம் கிட்டவில்லை.

இரு இல்லங்கள்

குடும்ப வாழ்வின் இனிமையை எழுதிக் கொண்டாடப்பட்ட ஃபிரித்தின் சொந்த வாழ்வில் மறைவறை ஒன்றிருந்தது. இசபெல் அம்மையார் 12 மக்களைப் பெற்றார். அதே காலத்தில், அவ்வில்லத்துக்குத் தொலைவில் இல்லாத வேறோர் இல்லத்தில் மேரி ஆல்ஃபோர்டு என்ற பெண்மணியுடன் ஃபிரித் மற்றொரு குடும்பம் நடத்தினார். அவர்வழி 7 மக்கள் பிறந்தனர். வெளியூர் சென்றிருப்பதாகச் சொன்ன கணவர் இலண்டன் தெருவிலேயே அஞ்சல் பெட்டியில் மடல் இடக் கண்டு இசபெல் அம்மையார் உண்மையறிந்தார் என்று சொல்லப்படுகிறது. 1880இல் அவர் மறைந்தபின், 1881இல் ஃபிரித் மேரியை மணந்தார்.

புகைவண்டி நிலையத்தின் நடுவே தம் குடும்பத்தை நிறுத்தி எழுதிய கை, மற்றக் குடும்பத்தை எந்தக் கித்தானிலும் அக்குடும்பமாக எழுதவில்லை. பந்தயத்திடலின் வண்டியில் சோர்ந்து அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்தை அத்தனை பரிவுடன் எழுதியவர்க்கு, தம் சொந்த வாழ்வில் இரு பெண்டிர்க்கு இழைத்த துயரத்தை நேர்நின்று நோக்கும் திறம் இல்லாமற் போயிற்று. கலை கலைஞனைக் காட்டிலும் நேர்மையாக இருந்துவிடுவது உண்டு. அதனால் கலை பொய்யாகிவிடாது; கலைஞனும் தூயவனாகிவிட மாட்டான்.

மூடிய சாளரம்

பிற்காலத்தில் அவர் ஹோகார்த்தின் வழியில் அறவுரை ஓவியத் தொடர்களை எழுதினார். சூதாடி அழிபவனின் கதையைச் சொல்லும் 'அழிவுப் பாதை' 1878இலும், மோசடி நிதியாளரின் கதையைச் சொல்லும் 'செல்வத்துக்கான ஓட்டம்' 1880இலும் வந்தன. பந்தயத்திடலில் அவர் சொல்லாமல் சொன்னதை இங்கே சொல்லிச் சொன்னார். பாடம் தெளிவாயிற்று, ஓவியம் மெலிந்தது.

1878இல் நடந்த புகழ்பெற்ற வழக்கில், ஓவியர் விஸ்லருக்கு எதிராக, திறனாய்வாளர் ரஸ்கின் தரப்பில் ஃபிரித் சான்றுரைத்தார். விஸ்லரின் இரவுக் காட்சிகளை அவரால் முடிக்கப்பட்ட கலையாக ஏற்க முடியவில்லை. பிரெஞ்சு நாட்டின் புதிய ஓவியமுறையையும் அவர் இகழ்ந்தார். 1883இல் காட்சிக்கு வந்த அவருடைய இறுதிப் பேரோவியம் அகாதமியின் அழைப்பாளர் நாளையே காட்டியது. கவிஞர் பிரௌனிங், புதின ஆசிரியர் டிரோலப் முதலிய பெருமக்கள் இருக்கும் அக்கூடத்தில், இளைஞர் ஆஸ்கார் வைல்டு தம்மைச் சூழ்ந்த கூட்டத்துக்கு அழகியல் பேசி நிற்கிறார். புதிய அழகியலை எள்ளவே ஃபிரித் அதனை எழுதினார். அன்று பாமரத்தனம் என்று தம்மை இகழ்ந்த முதியோரின் இருக்கையில், காலம் சுழன்று வர, அவரே அமர்ந்துவிட்டார்.

கேட்போர் குறையக் குறைய, அவர் தம் பழைய வெற்றிகளையே மீண்டும் படியெடுத்து விற்றார். 1887, 1888ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தன்வரலாறு நகைச்சுவை மிளிர்வது. இரண்டாம் இல்லத்தைப் பற்றி வாய் திறவாதது. 1909 நவம்பர் 2ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்து மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே செசான், வான் கோ, கோகன் ஆகியோரின் ஓவியங்கள் இலண்டனுக்கு வந்து ஆங்கிலச் சுவையைப் புரட்டிப்போட்டன. 1914இல் கிளைவ் பெல் என்ற திறனாய்வாளர், ஃபிரித்தின் புகைவண்டி நிலைய ஓவியத்தைச் செய்தி சொல்லும் ஆவணமென ஒதுக்கி, கலையன்று எனத் தீர்ப்பளித்தார். நெடுங்காலம் அத்தீர்ப்பே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்டோரியா காலக் கலையை மீளப் பார்க்கத் தொடங்கியபின் நிலை மாறியது. 2006இல் இலண்டன் கில்டுஹால் கலைக்கூடமும், அதனையடுத்து அவர் வளர்ந்த ஹாரகேட் நகரின் கலைக்கூடமும் அவருடைய ஓவியங்களை ஒருங்கே திரட்டிக் காட்டின.

நிறைவாக

ஃபிரித்தின் நெடிய வாழ்வில், தம் காலத்தை நேருக்கு நேர் நோக்கிய ஆண்டுகள் 1851 முதல் 1862 வரையிலான பதினொன்றே. அதற்கு முன் மரநிழலின் இனிமை அவரைக் காத்தது; அதற்குப் பின் பெரும்புகழின் பாதுகாப்பு அவரைக் கட்டியது. ஆயினும் அப்பதினோராண்டுகள் போதுமானவையாயின. அவ்வாண்டுகளில் அவர் எழுதிய கூட்டம் இன்னும் கலையவில்லை. டெர்பி நாளின் சிறுவன் இன்னும் அந்த விருந்தையே நோக்கிக்கொண்டிருக்கிறான். உழவர் அங்கி அணிந்த இளைஞனின் கையை அப்பெண் இன்னும் விடாமல் பற்றியிருக்கிறாள்.

மரத்தடிக் கொண்டாட்டத்தை வெறும் கனவு என்று தள்ளிவிடவும் வேண்டியதில்லை. ஊர் இவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் அதில் உண்டு. அந்த ஏக்கம் இல்லாதவர்க்கு, ஊர் இன்று இவ்வாறு இல்லையே என்ற வலியும் தோன்றாது. நிழலில் நின்று ஆடுவோரை எழுதிய அதே கைதான், வெயிலில் பசித்து நிற்பவனையும் எழுதியது. நிழலிலிருந்து வெயிலுக்கு நடந்த அந்தத் தொலைவே ஃபிரித்தின் பெருமை. நடந்தவர் நின்றுவிட்ட இடமே, பின்வரும் கலைஞர்க்கு அவர் விட்டுச்சென்ற எச்சரிக்கை.